140 மெயிலும் மனு எழுதும் சித்தப்பாவும்

பிஎச்டி வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்த அன்று ராத்திரியே போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை) கேட்டு வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்ப உட்கார்ந்துவிட்டேன். நாலு நாளில் 140 பேர். எல்லாருக்கும் ஒரே மெயில், மேலே பெயர் மட்டும் மாறும். அதையும் ஒழுங்காக மாற்றவில்லை, ஒருவருக்கு முந்தைய ஆளின் பெயரோடு போய்விட்டது. "நான் அவர் இல்லை, ஆனால் உங்கள் வாழ்த்தை அவரிடம் சொல்லிவிடுகிறேன்" என்று அவர் பதில் போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. 140க்கு வந்த பதில்கள் மொத்தம் ஐந்து. மூன்று, ஆள் விடுமுறையில் இருக்கிறார் என்று தானாக வருவது. ஒன்று இந்த நக்கல். இன்னொன்று, இப்போது நிதி இல்லை என்று ஒரு வரி.

இதைப் பற்றி எழுதச் சொல்லி ரொம்ப நாளாகப் பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் கடலூர், புதுச்சேரி, சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகள், பிஎச்டி முடிக்கும் கட்டத்தில் இருப்பவர்கள். போஸ்ட்டாக் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் நான் சித்தப்பாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் சித்தப்பா கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்றைக்கு அவருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. மடக்கு மேசை, ஒரு குடை, கார்பன் பேப்பர், ரெவின்யூ ஸ்டாம்ப் வைத்த ஒரு டப்பா. அப்படி ஒரு திங்கட்கிழமை அவருக்குச் சோறு கொண்டுபோனபோது, சும்மா பேச்சுவாக்கில், 140 பேருக்கு எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை என்றேன். என்ன எழுதினே, படி என்றார். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். மதிப்பிற்குரிய ஐயா, தங்களது மேன்மைமிகு ஆய்வகத்தில் பணிபுரிய நான் மிகுந்த ஆவலுடன் இருக்கிறேன், நான் கடின உழைப்பாளி, எந்தச் சூழலுக்கும் என்னை மாற்றிக்கொள்வேன், தாங்கள் எனக்கு ஒரு வாய்ப்பளித்தால்...

"நிறுத்து. இதுல உனக்கு என்ன வேணும்னு எங்கம்மா இருக்கு?"

வேலைதான் என்றேன்.

"வேலை அவர் கையில இருக்கா? பட்டா மாத்தணும்னு கலெக்டருக்கு மனு போட்டா அது நேரா தாசில்தாருக்குத்தான் போவும். யார்கிட்ட இருக்குன்னு பாத்துட்டு அங்க குடு. அப்புறம், ஐயா மகராசான்னு ஒரு பக்கம் எழுதுறவன் மனுவ யாரும் படிக்கிறதில்ல. முதல் ரெண்டு வரியில நீ யாரு, உனக்கு என்ன வேணும், கையில என்ன ஆதாரம் வச்சிருக்கே. அவ்ளோதான்."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. மனு எழுதுகிற மாதிரிக் கெஞ்சினதால்தான் பதில் வரவில்லை என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் எழுதினது மனுவாகக்கூட இல்லை. முப்பது வருஷமாக மனு எழுதுகிறவர் பார்வையில் அது படுமோசமான மனு.

யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பது. இதுதான் எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயம். போஸ்ட்டாக் வேலைக்கான பணம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பணம் இல்லை, அந்தப் பேராசிரியர் எழுதி வாங்கிய ஆய்வு நிதி. நிதி கிடைத்த உடனே அவருக்கு ஆள் தேவைப்படும், இரண்டு வருஷம் கழித்துப் பணம் தீரும் நேரத்தில் நீங்கள் தங்கமான ஆளாக இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. யாருக்கு எப்போது எதற்காக நிதி கிடைத்தது என்பது ரகசியமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஆய்வு நிதி பெரும்பாலும் கார்டிஸ் என்ற தளத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டிஎஃப்ஜி தரும் நிதிக்கு கெப்ரிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச், அமெரிக்காவில் மருத்துவ, உயிரியல் பக்கம் என்றால் என்ஐஎச் ரிப்போர்ட்டர், மற்ற அறிவியலுக்கு என்எஸ்எஃப் தளத்தின் விருதுத் தேடல். உங்கள் துறைச் சொல் இரண்டைப் போட்டு, தொடங்கிய ஆண்டு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். போன ஆறு மாதத்தில் தொடங்கிய திட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 140 பேர் 11 பேராகச் சுருங்கினார்கள். அந்த 11 பேரின் கட்டுரைகளைப் படிக்க ஒன்றரை மாதம் ஆனது, அது வேறு விஷயம்.

விளம்பரமாக வரும் வேலைகளுக்கு ஐரோப்பா என்றால் யூராக்ஸஸ், பிரிட்டன் என்றால் ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே, ஜப்பானுக்கு ஜேரெக்-இன், பொதுவாக நேச்சர் கேரியர்ஸ். சுவீடன் மாதிரி நாடுகளில் பல்கலைகள் அரசு அமைப்புகள் என்பதால் வேலையை வெளிப்படையாக அறிவித்துத்தான் ஆள் எடுப்பார்கள், அங்கே தனியாக மெயில் போட்டுப் பெரிய பயன் இல்லை, அறிவிப்பு வரும்போது அவர்கள் கேட்ட வடிவத்தில் போட வேண்டும். அறிவிப்பில் அவசியத் தகுதி, விரும்பத்தக்க தகுதி என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். அவசியத்தில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் உங்கள் கடிதத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பேனாவால் டிக் அடித்துப் பாருங்கள். பிரிட்டனில் பல இடங்களில் தேர்வுக் குழுவும் அதே பட்டியலை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறது.

ஆர்ஏ என்ற இரண்டு எழுத்தில் நம் ஆட்கள் நிறைய ஏமாறுகிறார்கள், ஏனென்றால் ஊருக்கு ஊர் அதற்கு அர்த்தம் வேறு. இங்கே நம் அரசு ஆய்வுத் திட்டங்களில் ஆர்ஏ என்றால் ரிசர்ச் அசோசியேட், பிஎச்டி முடித்தவருக்கான இடம், 2023இல் உயர்த்திய பிறகு முதல் நிலைக்கு மாதம் 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். பிரிட்டனில் ரிசர்ச் அசிஸ்டென்ட் என்பது கீழ்ப்படி, ரிசர்ச் அசோசியேட் மேல்படி. தீசிஸ் கொடுத்துவிட்டு வைவாவுக்குக் காத்திருப்பவரை அங்கே அசிஸ்டென்டாகச் சேர்த்துக்கொண்டு, பட்டம் உறுதியானதும் அசோசியேட் ஆக்கும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் ஆர்ஏ என்றால் பெரும்பாலும் அங்கேயே படிக்கும் மாணவர். சிங்கப்பூர், ஹாங்காங்கில் முதுகலை முடித்தவர்களே ஆர்ஏவாகச் சேரலாம், பிஎச்டிக்கு முன்னால் ஒரு வருஷம் வெளியே போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு அது நல்ல வழி. ஜெர்மனியில் மாணவர்களை மணிக்கணக்கில் வைத்துக்கொள்ளும் வேலைக்கு ஹிவி என்று பெயர், நமக்கு அது ஆகாது. எனவே விளம்பரத்தின் தலைப்பை விட்டுவிட்டு, கேட்கும் பட்டத்தையும் சம்பள நிலையையும் பாருங்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் பிச்சாவரம் சேற்றில் வேலை செய்தவள். பிவிசி குழாயை அலையாத்திச் சேற்றில் இறக்கி, வாயை அடைத்து, படகுக்காரர் அண்ணனும் நானுமாகச் சேர்ந்து உருவினால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சேறு அப்படியே உருளையாக வரும், அதைத்தான் கோர் என்போம். அதை நெடுக்குவாக்கில் பிளந்தால் வருஷங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். எங்கள் கோர்கள் சிலவற்றில் கறுப்புச் சேற்றின் நடுவே விரல் தடிமனுக்கு வெளிர் மணல் ஒன்று ஓடும். அது 2004 சுனாமி கொண்டுவந்து போட்டதா, 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறிய தானே புயல் போட்டதா என்பதுதான் என் தீசிஸில் நான் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் நழுவிய இடம். சேற்றில் இருக்கும் கதிரியக்க ஈயம்-210 வைத்து வயது பார்க்கலாம், அதன் அரை ஆயுள் சுமார் 22 வருஷம். ஆனால் இரண்டு நிகழ்வுக்கும் இடையில் ஏழு வருஷம்தான், எங்கள் பிழை வரம்பு அதைவிடப் பெரிது.

வடக்கு ஜெர்மனியில் ஒரு பேராசிரியை, வேறொரு கடற்கரையில் இதே பிரச்சினையை மணல் துகளின் அளவை வைத்துத் தீர்த்திருந்தார். கெப்ரிஸில் பார்த்தால் அந்த வருஷம்தான் புது நிதி வாங்கியிருக்கிறார். அவருக்கு நான் எழுதியது எட்டு வரி. நான் யார், ஒரு வரி. உங்கள் கட்டுரையின் இந்தப் படத்தில் புயல் மணலையும் சுனாமி மணலையும் இப்படிப் பிரித்திருக்கிறீர்கள், என் கோர்களில் இரண்டும் கலந்து வருகிறது, படம் இணைத்திருக்கிறேன், இது எதனால் என்று நினைக்கிறீர்கள்? கடைசி வரியில், உங்கள் புதுத் திட்டத்தில் போஸ்ட்டாக் இடம் இருந்தால் விண்ணப்பிக்க விரும்புகிறேன். மேன்மைமிகு இல்லை, ஆவல் இல்லை. சித்தப்பா பாணியில் சொன்னால் இணைப்பு: ஒரு கோரின் போட்டோ, இரண்டு பக்க சிவி.

மூன்றாம் நாள் பதில் வந்தது. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மணலைப் பற்றி இரண்டு பத்தி. நான் கடுப்பாகிவிட்டேன். ஆனால் அதற்குப் பதில் போட்டு, அவர் கேட்ட துகள் அளவுகளை அனுப்பி, இப்படி ஐந்தாறு மெயில் போன பிறகு ஒரு நாள் அவரே, அடுத்த மாதம் இடம் அறிவிக்கப் போகிறோம், நீங்கள் விண்ணப்பியுங்கள் என்றார். விண்ணப்பித்தவர்களில் நானும் ஒருத்திதான், தனிச் சலுகை ஒன்றும் இல்லை. ஆனால் என் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.

பெயர் என்றதும் இதைச் சொல்லிவிடுகிறேன், தமிழ்நாட்டுக்காரர்களுக்கு உரிய தலைவலி. என் பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு இனிஷியல். முதல் கட்டுரையில் இனிஷியல் முன்னால், இரண்டாவதில் பின்னால், மூன்றாவதில் யாரோ புண்ணியவான் அப்பா பெயரை முழுசாக விரித்துப் போட்டுவிட்டார். கூகுள் ஸ்காலர் என்னை மூன்று ஆளாக நினைத்தது. ஆராய்ச்சியாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண் ஒன்று வாங்கி, எல்லாக் கட்டுரையையும் அதில் கட்டிப்போட்ட பிறகுதான் நான் ஒருத்தி ஆனேன். இலவசம்தான், பத்து நிமிஷ வேலை, முதல் கட்டுரைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அடித்து வரும், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் வங்கியில் இருந்து டிரைவிங் லைசென்ஸ் வரைக்கும் நீங்கள் திருவாளர் எஃப்என்யூதான். நான் அப்பா பெயரை சர்நேமாகப் போட்டு வைத்திருந்தேன். ஜெர்மனியில் எல்லா அலுவலகத்திலும் என் அப்பா பெயருக்கு முன்னால் ஃப்ராவ், அதாவது திருமதி, சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். அப்பாவிடம் சொன்னேன், இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிவி என்பது பயோடேட்டா இல்லை. என் பழைய சிவியில் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, தெரிந்த மொழிகளுக்கு எழுத, படிக்க, பேச என்று மூன்று கட்டம், கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்", இடம் கடலூர், கையெழுத்து. இதில் ஒன்றும் வேண்டாம். எந்தக் கருவியை நீங்களே கையால் இயக்கியிருக்கிறீர்கள், எந்த மொழியில் கோட் எழுதுவீர்கள், ஒவ்வொரு கட்டுரையிலும் உங்கள் பங்கு என்ன, இதுதான் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பத்து நாளில் வெளியிடும் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளை எடுத்துவிடுங்கள். 12 கட்டுரை இருந்ததை 4 ஆக்க எனக்கு மனசே வரவில்லை, ஆனால் அந்த எட்டும் மற்ற நாலையும் சேர்த்துச் சந்தேகப்பட வைக்கும்.

சிபாரிசுக் கடிதம் இன்னொரு கூத்து. இங்கே கைடு, நீயே எழுதிக் கொண்டுவாம்மா, கையெழுத்துப் போடுகிறேன் என்பார். அங்கே பல்கலையே நேரடியாக அவருக்கு ஒரு லிங்க் அனுப்பும், அவர்தான் ஏற்ற வேண்டும், கெடு முடிந்தால் முடிந்ததுதான். ஒருவர் மெயிலையே வாரத்துக்கு ஒரு தடவைதான் திறப்பார் என்பது எனக்குத் தெரிந்ததால், லிங்க் போன அன்றே வீட்டுக்குப் போய், காபி குடித்து, அவர் மகனின் லேப்டாப்பில் உட்கார வைத்து அனுப்ப வைத்தேன். வெட்கப்படாதீர்கள். மூன்று பேரில் ஒருவராவது உங்கள் ஆய்வகத்துக்கு வெளியே உள்ளவராக இருந்தால் நல்லது.

பேராசிரியர் கையில் பணம் இல்லையென்றால் பணத்தை நாமே கொண்டுபோகும் வழிதான் ஃபெல்லோஷிப். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு வழக்கமாகச் செப்டம்பரில் கெடு. போக நினைக்கும் நாட்டில் கடைசி 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது, அதனால் ஊரிலிருந்து நேரே போகும் நமக்கு அந்த விதி தொந்தரவே இல்லை. ஜெர்மனியின் ஹம்போல்ட், ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் இரண்டுக்கும் பட்டம் வாங்கி இத்தனை வருஷத்துக்குள் என்று கணக்கு உண்டு. நான் பார்த்தபோது ஹம்போல்டுக்கு 4, ஜேஎஸ்பிஎஸ்ஸுக்கு 6. ஜேஎஸ்பிஎஸ்ஸில் பொதுவாக நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, அங்கே உள்ள பேராசிரியர்தான் உங்களுக்காக விண்ணப்பிப்பார். ஆக எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்த எட்டு வரி மெயில் இல்லாமல் நடக்காது.

நேர்முகத் தேர்வில் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். அக்டோபர் கடைசித் திங்கட்கிழமை, அவர்கள் நேரம் காலை பத்து மணி. ஜெர்மனிக்கும் நமக்கும் மூன்றரை மணி நேரம் என்று மனசில் பதிந்திருந்ததால் மதியம் ஒன்றரைக்குத் தயாராக உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருக்கிறார்கள், மார்ச் கடைசி ஞாயிறு வரை இனி நாலரை மணி நேரம். அது தெரியாமல் நான் பதறி இரண்டு மெயில் வேறு அனுப்பிவிட்டேன். வெளியே வடகிழக்குப் பருவமழை, இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது. தம்பி போனை ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்றான், அங்கேதான் சிக்னல் வரும். அந்த ஒரு மணி நேரத் தவறு இல்லையென்றால் நான் ஹாட்ஸ்பாட்டைத் தயார் செய்திருக்கவே மாட்டேன். இரண்டரைக்கு நேர்முகம் தொடங்கியது, நாலு பேர் கேள்வி கேட்டார்கள். உங்கள் பிஎச்டியில் எது தப்பாகப் போனது என்ற கேள்விக்கு நான் அந்த மணல் அடுக்கைச் சொன்னேன், அதில்தான் பத்து நிமிஷம் பேச்சு ஓடியது. கடைசியில், எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா என்பார்கள். இல்லை சார் என்று சொல்லிவிடாதீர்கள். திட்டத்தில் எத்தனை மாதம் பாக்கி இருக்கிறது, களப்பணிக்கு யார் போவார்கள் என்று கேளுங்கள். வேறோர் இடத்தில் நான் இல்லை சார் என்று சொன்னேன், வேலை வரவில்லை, காரணம் அதுதான் என்று சொல்ல மாட்டேன்.

சம்பளம் பற்றி ஒன்று. ஜெர்மனியில் போஸ்ட்டாக்குக்குப் பெரும்பாலும் இ-13 என்ற நிலை, முழு வேலையா பாதி வேலையா என்று சதவீதம் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். கல்யாணம் ஆகாதவர் என்றால் வரி, காப்பீடு, ஓய்வூதியம் என்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டுதான் கைக்கு வரும். தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள், நான் சொல்லிவிட்டு இன்றுவரை கஷ்டப்படுகிறேன். அமெரிக்கா என்றால் ஜே-1 விசாவில் ஆய்வாளராக ஐந்து வருஷம் வரை இருக்கலாம். முடித்துவிட்டு இரண்டு வருஷம் ஊரில் இருந்தாக வேண்டும் என்று பழையவர்கள் பயமுறுத்துவார்கள். அந்த விதிக்கு அடிப்படையான திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள், ஆனால் அரசுப் பணத்தில் போனால் விதி இன்னும் பொருந்தும். பிரிட்டனுக்கு விசாவோடு மருத்துவக் கூடுதல் கட்டணம் வருஷத்துக்கு 1,035 பவுண்டு, அதைப் பல்கலை திருப்பித் தருமா என்று வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வருஷம் புதுச்சேரியில் ஒரு தம்பி ஆஃபர் லெட்டரோடு வந்தான். கனடாவில் ஒரு பல்கலைக்கழகம், தங்க நிற முத்திரை, அவன் கேட்டதைவிட அதிகச் சம்பளம். செயல்முறைக் கட்டணம் என்று 48,000 ரூபாய் கட்ட வேண்டும், பாதி கட்டிவிட்டான். யாரும் இவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, மெயில் வந்ததோ இலவச ஐடியிலிருந்து. பல்கலைத் தளத்தில் இருந்த முகவரிக்கு நானே எழுதிக் கேட்டேன், அப்படி ஒரு துறையே இல்லை என்றார்கள். வேலை கொடுப்பவர் வேலைக்காகக் காசு கேட்க மாட்டார். அவன் சைபர் கிரைம் எண் 1930க்கு அடித்தான், பணம் இன்னும் வரவில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது நெல்லிக்குப்பத்துப் பெண் ஒருத்தியின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான், கரும்புச் சக்கையிலிருந்து நொதி எடுக்கும் ஆய்வு. மெயிலைக் காட்டினான். மேன்மைமிகு இரண்டு இடத்தில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் சித்தப்பாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஆங்கிலம் தெரியாமலேயே, இது எதுக்கு, இது எதுக்கு என்று கேட்டுக் கேட்டு முக்கால்வாசியை அடிக்க வைத்தார். முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார், எனக்காக இருபது தள்ளுபடி.

திங்கட்கிழமை அனுப்பாதே, வாரக்கடைசி மெயிலோடு சேர்ந்து புதைந்துவிடும், செவ்வாய்க்கிழமை அனுப்பு என்று சொல்லி அனுப்பினேன். செவ்வாய் வெறுவாய், புதுக் காரியம் ஆகாது என்று அவன் அம்மா தடுத்துவிட்டார்களாம். புதன்கிழமை மதியம் இரண்டரைக்கு அனுப்பினான். ஜெர்மனியில் அப்போது காலை பத்து மணி.